காவிரிக் கரையும் நீர்நாயும்: சங்கப் பாடல்களில் கருப்பொருளறிவும் உள்ளுறையும்

ஆய்வுச் சுருக்கம்

மருதத் திணைக்குரிய விலங்குகளாக உரையாசிரியர்கள் சுட்டுவன எருமையும் நீர்நாயும் ஆகும். இவற்றுள் எருமை பெற்ற ஆய்வுக் கவனத்தை நீர்நாய் பெறவில்லை. வாளை மீனை நாளிரையாகக் கொள்ளும் விலங்கு என்னும் ஒரே குறிப்பு பல பாடல்களில் திரும்ப வருவதால், அது வெறும் வாய்பாட்டுத் தொடராகவே கருதப்பட்டுவிடுகிறது. குறுந்தொகை, நற்றிணை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய தொகைகளில் நீர்நாய் இடம்பெறும் எட்டுப் பாடல்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவற்றின் குறிப்புகள் காவிரிப் படுகையில் இன்றும் வாழும் மென்மயிர் நீர்நாயின் இயல்போடு பொருந்துவதையும், இப்பொருத்தம் தொல்காப்பிய மரபியலின் பெயர் வழக்குகளை விளக்க உதவுவதையும், உள்ளுறையின் நுட்பம் விலங்கின் உண்மையான நடத்தையைச் சார்ந்தே அமைவதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, நீர்நாய், வாளை, நாளிரை, கருப்பொருள், உள்ளுறை, மரபியல், மருதம்.

முன்னுரை

ஓர் ஆற்றை அதன் நீரோட்டத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ஓடும் நீர், மடு, துறை, கரையோரப் புதர், ஆற்றுநீர் பாய்ந்து நிறையும் பொய்கை, கடலோடு கலக்கும் கழி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஆறு. இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் உயிரினங்கள் கூடுகின்றன. மீன் நீரில் வாழ்கிறது. அதனைத் தேடிப் பறவையும் முதலையும் நீர்நாயும் வருகின்றன. நீர் மொள்ள மனிதர் வருகின்றனர். இக்கூட்டத்தைத் தொல்காப்பியம் கருப்பொருள் என்னும் வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தெய்வம் முதலாகத் தொடங்கும் அப்பட்டியலில் விலங்கும் மரமும் புள்ளும் தனித்தனியே இடம்பெறுகின்றன. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலைக்களன் என அகத்திணையியல் வரையறுக்கிறது.

இவ்வரையறை ஆய்வாளர்முன் ஒரு வினாவை வைக்கிறது. உள்ளுறை கருப்பொருளில் நிலைகொள்ளுமாயின், கருப்பொருளை எவ்வளவு துல்லியமாக அறிந்தால் உள்ளுறை முழுமையாக விளங்கும்? விலங்கின் பெயரும் அது இன்ன திணைக்குரியது என்னும் செய்தியும் மட்டும் போதுமா, அன்றி அதன் உணவும் இணைவாழ்வும் உறைவிடமும் தெரிய வேண்டுமா? இவ்வினாவை ஆராய நீர்நாய் ஏற்ற சான்றாகும். எருமையைப் போன்று அது வளர்ப்பு விலங்கன்று. யானை, புலி போன்று புராணச் சாயலும் அரச அடையாளமும் ஏற்ற விலங்குமன்று. ஆதலின் அதனைப் பற்றிப் புலவர் கூறுவன பெரும்பாலும் கரையில் நின்று கண்டவற்றிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

சங்க இலக்கிய விலங்குகளையும் புட்களையும் அறிவியல் நோக்கில் ஆராய்ந்து அடித்தளம் இட்டவர் பி. எல். சாமி. அவர் வகுத்த நெறியை ஒட்டி, ஒரே விலங்கை ஓர் ஆற்றுப் படுகையோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் முறை. எடுத்துக்கொண்ட பாடல்கள் குறுந்தொகை 364, நற்றிணை 195, 390, ஐங்குறுநூறு 63, அகநானூறு 6, 336, 386, புறநானூறு 283 ஆகியன.

பாடல்கள் காட்டும் காவிரி

எட்டுப் பாடல்களில் மூன்று, சோழநாட்டு இடப்பெயர்களை வெளிப்படையாகச் சுட்டுகின்றன. அவற்றுள் முதன்மையானது பரணர் பாடிய அகநானூற்று ஆறாம் பாடல். தித்தனின் உறந்தையையும், ஓடக்கோல் நிலைகொள்ளாத அளவு ஆழமுடைய காவிரி வெள்ளத்தையும், அவ்வெள்ளத்தில் தலைவன் பரத்தையோடு புனலாடியதையும் இப்பாடல் முதலில் கூறுகிறது. பின்னர் மத்தி என்பவனுக்குரிய கழார் என்னும் ஊரைக் கூறுமிடத்தில் நீர்நாய் தோன்றுகிறது. துளையுடைய வள்ளைக் கொடிகளைக் கலைத்து, வாளையைத் தின்று, முள்ளுடைய பிரம்பின் பழம்புதரில் அது சென்று மறைகிறது. கழார் காவிரித் துறையூர் என்பதில் ஐயமில்லை. ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்ற செய்தியைப் பரணரே அகநானூறு 222, 376 ஆகிய பாடல்களில் கழார்த் துறையோடு சேர்த்துப் பாடியுள்ளார்.

இரண்டாவது, ஔவையார் பாடிய நற்றிணை 390. வாளை வாள்போல் ஒளிர்ந்து பிறழவும், பொய்கை நீர்நாய் துயில் நீங்காது கிடக்கும் காட்சி, கிள்ளியின் வெண்ணியைச் சூழ்ந்த வயல்வளத்தின் பகுதியாக அமைகிறது. கரிகாலனின் போரால் அறியப்பட்ட வெண்ணியை இன்றைய கோயில்வெண்ணியோடு பொருத்துவது ஆய்வாளர் வழக்கு. மூன்றாவது, பாவைக் கொட்டிலார் பாடிய அகநானூறு 336. இதில் சோழரது வல்லத்தின் காவற்காடு சுட்டப்படுகிறது. ஆயினும் வல்லம் இங்கு உவமை வழி வருவதேயன்றி நீர்நாய்க் காட்சியின் களமாக வருவதில்லை. ஆகவே அகநானூறு 6, நற்றிணை 390 ஆகிய இரண்டும் நேர்ச்சான்றுகளாகவும், அகநானூறு 336 துணைச்சான்றாகவும் கொள்ளத்தக்கன.

ஏனைய பாடல்கள் பொய்கை, கயம், கழி எனப் பொதுப்பெயர்களால் களத்தைச் சுட்டுகின்றன. இதனால் அவை ஆற்றோடு தொடர்பற்றவை ஆகிவிடா. கழிமுகப் படுகையில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து வாய்க்கால்களின் வழியே வயலையும் குளத்தையும் பொய்கையையும் சென்றடைகிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றின் மீன்கள் பொய்கைக்கு ஏறுகின்றன. மீன்களைத் தொடர்ந்து அவற்றை உண்ணும் உயிர்களும் செல்கின்றன. ஆற்றுத் துறையும் பொய்கைத் துறையும் ஒரே நீர்வழியின் இரு முகங்கள்.

எந்த நீர்நாய்?

இந்தியாவில் மூவகை நீர்நாய்கள் வாழ்கின்றன. அவை மென்மயிர் நீர்நாய், சிறுநக நீர்நாய், ஐரோவாசிய நீர்நாய் என்பன. லூட்ரோகேல் பெர்ஸ்பிசில்லாட்டா என்னும் அறிவியற்பெயர் கொண்ட மென்மயிர் நீர்நாய், சமவெளி ஆறுகளிலும் ஏரிகளிலும் வயல்சூழ் நீர்நிலைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்வது. ஏறத்தாழ 7 முதல் 11 கிலோகிராம் எடையுடையது. மீனே அதன் முதன்மை உணவு. ஆணும் பெண்ணும் இணையாக வாழ்ந்து, தம் குட்டிகளோடு குடும்பமாக இயங்கும். சிறுநக நீர்நாய் இதனினும் சிறியது. தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைச் சார்ந்தது. நண்டு அதன் முதன்மை உணவு. ஐரோவாசிய நீர்நாயில் பெண் தனித்தே குட்டிகளை வளர்க்கும். ஆண் அதில் பங்கு கொள்வதில்லை.

இவ்வேறுபாடுகளை மனத்திற்கொண்டு பாடல்களை நோக்கின், மூன்று குறிப்புகள் தீர்வைத் தருகின்றன. முதலாவது இரை. எட்டுப் பாடல்களில் ஏழில் வாளை மீன் நீர்நாயோடு சேர்ந்து வருகிறது. எஞ்சிய நற்றிணை 195இல் கொழுத்த மீன் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நீர்நாய்க்கு நண்டை இரையாகக் கூறும் பாடல் இவ்வெட்டில் ஒன்றும் இல்லை. மருத நிலத்தில் நண்டு அரிய உயிரன்று. ஐங்குறுநூற்றில் கள்வன் பத்து என ஒரு பத்தே அதற்கு உண்டு. இருந்தும் புலவர்கள் அதனை நீர்நாயின் இரையாக்கவில்லை.

இரண்டாவது குடும்பம். அகநானூறு 336இல் பாசி படர்ந்த பரப்பில் குட்டிகளோடு தங்கி உண்ணாது வருந்தும் பெண் நீர்நாயின் துயர் தீர்க்க ஆண் நீர்நாய் இரைதேடிப் புறப்படுகிறது. ஆணும் பெண்ணும் குட்டியும் ஒரு குடும்பமாக அமையும் இக்காட்சி ஐரோவாசிய நீர்நாய்க்குப் பொருந்தாது. மூன்றாவது வாழிடம். வயல்சூழ் பொய்கை, சேம்பு அடர்ந்த கரை, பிரம்புப் புதர், உப்பங்கழி ஆகியன மலையோடைகள் அல்ல. இம்மூன்றும் ஒருங்கே பொருந்துவது மென்மயிர் நீர்நாய் ஒன்றற்கே.

பிரம்புப் புதர் பற்றிய குறிப்பு தனித்து நோக்கத்தக்கது. பரணரின் அகநானூறு 6, ஔவையாரின் குறுந்தொகை 364 ஆகிய இரண்டும் நீர்நாயைப் பிரம்போடு இணைக்கின்றன. பிரம்பு ஈரக் கரைகளில் பின்னிப் படரும் முட்கொடி. மனிதரும் பிற விலங்குகளும் எளிதில் நுழைய இயலாத அப்புதர், இரையுண்ட விலங்கு ஓய்வு கொள்வதற்கு ஏற்ற அரண். கரையோரத் தாவர அடர்வைச் சார்ந்தே இவ்விலங்கு தங்குமிடம் தேர்கிறது என்பது இன்றைய கள ஆய்வுகளும் வலியுறுத்தும் உண்மை.

குறுந்தொகை 364 நீர்நாயின் முதுகைக் கோடுகளுடையதாகக் குறிப்பது ஒரு சிக்கல் போலத் தோன்றலாம். மென்மயிர் நீர்நாயின் உடலில் இயற்கையான வரிகள் இல்லை. எனினும் நீரிலிருந்து கரையேறும் நீர்நாயின் மேல்மயிர் நனைந்து கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். அவ்வேளையில் முதுகு வரிவரியாகத் தோன்றும். பாடல் காட்டும் தருணம் இரை பெறும் தருணமாகவே இருத்தலின், இவ்வடையை விலங்கின் நிலையான நிறமாகக் கொள்ளாது, நீரில் மூழ்கி எழுந்த நிலையின் தோற்றமாகக் கொள்வது பொருந்தும்.

வாளையும் நாளிரையும்

வாளை, வாலகோ அட்டு என்னும் அறிவியற்பெயருடைய நன்னீர்க் கெளிற்றின மீன். செதிலற்ற, நீண்டு தட்டையான, வெள்ளி ஒளி வீசும் உடலையுடையது. அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டு பிற மீன்களை வேட்டையாடுவது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நற்றிணை 390 அதனை வாளோடு ஒப்பிடுவது பெயரொலியால் மட்டும் பிறந்த உவமையன்று; செதிலற்ற உடலின் பளபளப்பையும் வடிவையும் கண்டு கூறியது.

இம்மீனைப் பற்றுவது எளிய செயலன்று. அகநானூறு 336இல் நீர்நாய் வாளையோடு போராடுவதால் துறைநீர் கலங்குகிறது. வேட்டையாடும் மீன் ஒன்றும் மீனை வேட்டையாடும் விலங்கு ஒன்றும் ஆழமற்ற துறையில் பொருதால் நீர் கலங்காதிருக்காது. சிறு மீனைக் கூறியிருப்பின் இக்காட்சி அமைந்திராது. இரையின் பெயரைப் புலவர் மாற்றாது பேணியதற்கு இது ஒரு காரணம்.

நாளிரை என்னும் சொல் குறுந்தொகை 364, ஐங்குறுநூறு 63, அகநானூறு 336, 386, புறநானூறு 283 ஆகிய ஐந்து பாடல்களில் இவ்விலங்கோடு வருகிறது. இங்கு நாள் என்பது விடியற்பொழுதைக் குறிப்பது. நாளிரை காலை உணவு. மென்மயிர் நீர்நாய் பகலில் இயங்கும் விலங்கு; காலையிலும் மாலையிலும் அதன் வேட்டை மிகுதி. இரவில் இயங்கும் விலங்கை விடியலோடு இணைப்பதற்கு வாய்ப்பு குறைவு. விடியல் மருதத்திற்குரிய சிறுபொழுதாகவும், பரத்தையிடமிருந்து தலைவன் மீளும் பொழுதாகவும் அமைதலின், இவ்வொரு சொல்லில் விலங்கின் இயல்பும் திணையின் பொழுதும் ஒன்றுபடுகின்றன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சங்கப் பாடல்களின் மீள்வரும் தொடர்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளாக விளக்கிய க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் வெளிவந்தது. அந்நோக்கில் நீர்நாய், வாளை, நாளிரை என்னும் மூன்றும் ஒரு வாய்பாட்டின் உறுப்புகளே. புலவர் ஒவ்வொருவரும் விலங்கைக் கண்டிருக்க வேண்டியதில்லை. இம்மறுப்பு ஓரளவு ஏற்கத்தக்கது. எனினும் வாய்பாடு என்பது அறிவின் இன்மையைக் காட்டுவதன்று. பலர் கண்டு ஒப்பிய அறிவு உறைந்து நிற்கும் வடிவமும் அதுவே. மேலும் வாய்பாட்டைக் கடந்து ஒவ்வொரு பாடலும் புதிய செய்தி ஒன்றைச் சேர்க்கிறது. குறுந்தொகை 364இல் நனைந்த முதுகு, அகநானூறு 6இல் கூரிய பல்லும் கலைந்த வள்ளையும், அகநானூறு 336இல் பசித்த பெண்ணும் குட்டிகளும், ஐங்குறுநூறு 63, அகநானூறு 386 ஆகியவற்றில் புலால் நாற்றம், நற்றிணை 390இல் நெடுந்துயில், புறநானூறு 283இல் அதே கயத்தில் வாழும் முதலை என அவை விரிகின்றன. வாய்பாடு மட்டுமே இருந்திருப்பின் இவ்விரிவு நிகழ்ந்திராது. நற்றிணை 390 வாய்பாட்டைத் தலைகீழாக்கவும் செய்கிறது. அங்கு வாளை துள்ளுகிறது. நீர்நாய் வேட்டைக்கு எழவில்லை. இரை மிகுந்த இடத்தில் விரைவு வேண்டாம் என்பதே அதன் பொருள். ஒரு வழக்கை நன்கறிந்த கேட்போரிடமே அதனை இவ்வாறு திருப்பிக் கூற இயலும்.

மரபியல் நோக்கில் நீர்நாயின் பெயர்கள்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. நீர்நாய் அங்குத் தனியே பெயர் சுட்டப்படவில்லை. அவ்வாறாயின் அதன் ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் புலவர் எப்பெயர்களை வழங்கினர் என்பது ஆராயத்தக்கது.

நற்றிணை 195 அதனைக் குருளை என்னும் சொல்லோடு சேர்த்துக் கூறுகிறது. மரபியலில் குருளை நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கற்கும் உரியது. அகநானூறு 336 அதன் குட்டிகளைப் பறழ் என்கிறது. மரபியல் இப்பெயரை மூங்கா, வெருகு முதலியவற்றுக்குக் கூறி, குருளைப் பெயருக்குரிய விலங்குகளுக்கும் விலக்காது ஏற்கிறது. அதே பாடல் பெண் நீர்நாயைப் பிணவு என்கிறது. மரபியலில் பிணவு பன்றி, புல்வாய், நாய் ஆகிய மூன்றற்கு உரியது. இம்மூன்று சொற்களும் நீர்நாயை நாயினத்தோடு ஒப்ப வைத்து வழங்குகின்றன.

ஆண்பாற் பெயர் மட்டும் வேறுபடுகிறது. அகநானூறு 386இல் பரணர் ஆண் நீர்நாயைப் போத்து என்கிறார். போத்து என்னும் பெயரை மரபியல் பெற்றம், எருமை, புலி, மரை, புல்வாய் ஆகியவற்றுக்குக் கூறுகிறது. நாய் அப்பட்டியலில் இல்லை. ஆயின் அதனை அடுத்தே, நீர்வாழ் சாதிக்கும் அப்பெயர் உரித்து என்கிறது. ஐங்குறுநூறு ஐந்தாம் பாடலில் ஆண் முதலை போத்து எனப்படுவது இவ்விதிக்கு இலக்கியம். ஆகவே பரணர் நீர்நாயைப் போத்து என்றது, அதனை நீர்வாழ் சாதியுள் வைத்து நோக்கியதன் விளைவு எனலாம்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு குறிப்பிடத்தக்கது. பெண்ணும் குட்டியும் கரையில் வளையிலும் புதரிலும் இருக்கும்பொழுது அவை நாயினத்துப் பெயர்களைப் பெறுகின்றன. ஆண் நீரில் இரை தேரும்பொழுது நீர்வாழ் உயிரின் பெயரைப் பெறுகிறது. நீர்நாய் என்னும் கூட்டுச்சொல்லின் இரு உறுப்புகளும் இவ்வாறு பால், இளமைப் பெயர்களில் பங்கிடப்பட்டுள்ளன. நிலத்திலும் நீரிலும் வாழும் ஓர் உயிரை ஒரே வகைக்குள் அடக்க முயலாது, இரு வகைகளின் சொற்களையும் அதற்கு உரிமையாக்கிய வழக்கு, மரபியலின் விதிகளோடு முரணாமலே அமைந்துள்ளது.

உள்ளுறையில் நீர்நாய்

மேற்கண்ட செய்திகள் உள்ளுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் மையம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் சென்று மீளும் தலைவனின் செயலை வெளிப்படக் கூறாது கூற நீர்நாய் பயன்படுகிறது. ஆனால் எல்லாப் பாடல்களிலும் ஒரே முறையில் அன்று.

ஐங்குறுநூறு 63 ஓரம்போகியார் பாடியது. கிழத்தி கூற்றுப் பத்தில் உள்ளது. புலால் நாறும் நீர்நாய் வாளையை நாளிரையாகப் பெறும் ஊரனை நோக்கி, பிறரைத் தழுவிய மார்பைத் தான் தீண்டுவதில்லை எனத் தலைவி மறுக்கிறாள். நீர்நாய் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் உடல் நாற்றமே அறிவித்துவிடும். மீனுண்ணும் நீர்நாய்களின் எச்சமும் கடும் நாற்றமுடையது. அவை எச்சமிட்டு இடத்தை அடையாளப்படுத்தும் இயல்பின. தலைவன் எங்கிருந்து வருகிறான் என்பதையும் அவன் மார்பே அறிவிக்கிறது. நீர்நாய்க்கு வரும் புலால் நாற்றம் என்னும் அடை நீக்கப்பட்டால், தலைவி மார்பைத் தீண்ட மறுப்பதற்கான காரணம் உள்ளுறையிலிருந்து நழுவிவிடும். அகநானூறு 386இலும் இதே அடை வருகிறது. பரத்தை தன் இல்லம் தேடி வந்து உறவு கொண்டாடிச் சென்றதைக் கூறித் தலைவி நாணும் பாடல் அது. வெளியே நிகழ்ந்தது வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்பதே இரண்டற்கும் பொதுவான பொருள்.

அகநானூறு 6இல் நீர்நாய் தலைவனின் ஊரை நேரே சிறப்பிக்கவில்லை. தலைவி தன் கழிந்த இளமைக்கு உவமையாக்கும் கழார் என்னும் ஊருக்கு அது அடையாகிறது. எனினும் பாடலின் முற்பகுதி தலைவன் பரத்தையோடு காவிரி வெள்ளத்தில் ஆடி, பின் இல்லம் வந்து இன்மொழி பேசியதைக் கூறியிருக்கிறது. நீரில் வாளையை உண்டு, கொடிகளைக் கலைத்து, பழம்புதரில் செறியும் நீர்நாயின் செலவும் அவ்வாறே நீரிலிருந்து உறைவிடம் நோக்கியது. புதர் பழமையானது என்பது, பல்லாண்டு இல்லறம் நடத்திய தலைவியின் மனையை நினைவூட்டுகிறது. இவ்வாறு உவமைக்கு அடையாக வந்த கருப்பொருளும் உள்ளுறைத் தன்மை பெறுகிறது.

அகநானூறு 336 இவற்றினும் வேறானது. இதன் கூற்றுக்குரியவள் பரத்தை. இங்கு ஆண் நீர்நாய் தன் பெண்ணின் பசிக்காக உழைக்கிறது. அதன் போராட்டத்தால் துறை கலங்குகிறது. நீர் மொள்ள வந்த மகளிர் குடங்களை இறக்கி வைத்து, தேறல் அருந்தி, தலைவனின் பரத்தைமையைப் பாடிக் காஞ்சி மர நிழலில் குரவை ஆடுகின்றனர். விலங்கின் ஒரு செயல் கரையின் சமூகச் செயலுக்குக் காரணமாகிறது. கலங்கிய நீர் ஊர் அலருக்கு உள்ளுறை. அதே வேளையில் நீர்நாய் தலைவனுக்கு ஒப்புமையாகாமல் எதிர்மையாகிறது. விலங்கு தன் இணையின் பசியறிந்து இயங்குகிறது. ஊரனோ தன் பரத்தைமையால் பாட்டுக்குப் பொருளாகிறான். இணையாக வாழும் இனம் இது என்பதை அறியாத வாசகர், ஏனைய பாடல்களின் பழக்கத்தால் இங்கும் நீர்நாயைத் தலைவனோடு பொருத்திவிடக்கூடும். அவ்வாறு பொருத்தினால் பாடலின் எள்ளல் மறைந்துபோகும்.

நெய்தலில் நீர்நாய்

நற்றிணை 195 நெய்தற் பாடல். உப்பங்கழியில் கொழுத்த மீனை உண்ட நீர்நாய் தில்லை மரங்களின் அடர்வில் துயில்கிறது. நெய்தலுக்கு உரையாசிரியர் கூறும் விலங்குகளுள் நீர்நாய் இல்லை. ஆதலின் இதனைத் திணைமயக்கமாகக் கொள்வர். பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தன்றிப் பிற நிலத்தும் வரும் எனத் தொல்காப்பியம் இசைவது விலங்குக்கும் விரித்துரைக்கப்படுவதுண்டு.

எனினும் இயற்கை நோக்கில் இங்கு மயக்கம் ஏதுமில்லை. மென்மயிர் நீர்நாய் நன்னீரிலும் உவர்நீர்க் கழியிலும் வாழ்வது. தில்லை, அலையாத்திக் காடுகளைச் சேர்ந்த மரம். கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில் அது இன்றும் வளர்கிறது. சிதம்பரத்தின் பழம்பெயரும் அதனாலேயே அமைந்தது. பாடல் இன்ன கழி எனப் பெயர் சுட்டாவிடினும், காவிரி கடலோடு கலக்கும் நிலத்தின் தாவரமும் விலங்கும் அதில் ஒருங்கே உள்ளன. திணைப் பகுப்பு இலக்கிய வசதிக்கானது. ஆறு மருதத்தின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. உள்ளுறையும் இங்கு இடத்திற்கேற்ப மாறுகிறது. நிறைவுற்று உறங்கும் நீர்நாய், தலைவியின் கண்ணீரை அறியாது அமைந்திருக்கும் தலைவனின் அருளின்மையைச் சுட்டுகிறது.

இன்றைய கரை

ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடைய காவிரியின் கரைகளில் மென்மயிர் நீர்நாய் இன்றும் உள்ளது. கருநாடகத்தில் 1987இலும், தமிழகத்தில் வடகாவிரிக்கு 2014இலும் தென்காவிரிக்கு 2022இலும் வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களின் இக்காட்டுப் பகுதியில் நீர்நாயோடு சதுப்புநில முதலையும், மென்னோட்டு ஆமையும், மீன்பிடிக் கழுகும் வாழ்கின்றன. கோடையில் யானைகள் நீர் நாடி ஆற்றுக்கு இறங்குகின்றன. கரையோர நீர்மருத மரங்களில் நரைநிற மலையணில் வாழ்கிறது. துணையாறுகளில் மோயாற்றில் நீர்நாயும் முதலையும் ஒருங்கே காணப்படுகின்றன. புறநானூறு 283 ஒரே கயத்தில் இவ்விரண்டையும் காட்டியது கற்பனைக் கூட்டன்று என்பதற்கு மோயாறு சான்று.

ஆயினும் ஒரு மாற்றம் கருதத்தக்கது. பாடல்களின் நீர்நாய் காட்டு விலங்கன்று, ஊர்த்துறையின் விலங்கு. குடத்தோடு மகளிர் வரும் துறையிலும், வயல்சூழ் பொய்கையிலும் அது வேட்டையாடியது. இன்று அதற்குச் சரணாலயம் தேவைப்படுகிறது. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை முதலாக நீரோட்டம் கட்டுப்படுத்தப்பட்டமை, ஆற்றுமணல் அகழ்வு, கரைப்புதர் அழிப்பு, வெடிவைத்தும் நெருங்கிய வலைகளாலும் மீன் பிடித்தல், அயல்மீன்களின் பெருக்கம் ஆகியவை வாளைக்கும் அதனை உண்ணும் விலங்குக்கும் ஒருங்கே கேடு விளைவிக்கின்றன. மென்மயிர் நீர்நாய் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்பு நிலையில் உள்ளது. 2019இல் அதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டது.

இந்நிலையில் சங்கப் பாடல்கள் பழஞ்சூழலின் ஆவணமாகவும் பயன்படும். கணக்கெடுப்புகள் தொடங்கிய காலத்திற்கு முன் இவ்விலங்கு எத்தகைய நீர்நிலைகளில் மனிதரோடு அருகருகே வாழ்ந்தது என்பதை அவை காட்டுகின்றன. பிரம்பும் சேம்பும் வள்ளையும் அடர்ந்த கரை, பெருமீன் வாழும் ஆழமான மடு, கழி வரை தடையின்றித் தொடரும் நீர்வழி ஆகிய மூன்றும் அச்சூழலின் உறுப்புகள். எண்ணிக்கையைப் பாடல்கள் தாரா. வாழிடத்தின் இயல்பைத் தரும்.

முடிவுரை

நீர்நாய் இடம்பெறும் எட்டுப் பாடல்களின் ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. இரை, குடும்ப அமைப்பு, வாழிடம் ஆகிய மூன்றாலும் சங்கப் பாடல்களின் நீர்நாய் மென்மயிர் நீர்நாயே. அகநானூறு 6, நற்றிணை 390 ஆகியன அதனைக் காவிரிப் படுகையில் வைத்துக் காட்டுகின்றன. நாளிரை என்னும் மீள்வழக்கு விலங்கின் காலைவேட்டையையும் மருதத்தின் பொழுதையும் இணைக்கிறது. பிணவு, பறழ், குருளை, போத்து என்னும் பெயர்கள் மரபியலின்படி நிலவாழ் நாய்க்கும் நீர்வாழ் சாதிக்கும் உரியவற்றை ஒரே உயிரில் இணைத்த வழக்கைக் காட்டுகின்றன. உள்ளுறையில் நீர்நாய் ஒருகால் தலைவனுக்கு ஒப்பாகவும், ஒருகால் எதிர்மையாகவும் நிற்கிறது. எது எங்கு என்பதை விலங்கின் இயல்பறிந்தே தீர்மானிக்க இயலும்.

ஆகவே கருப்பொருள் அறிவை உரைக்குப் பின்னிணைப்பாகக் கருதாது, உரையின் உறுப்பாகவே கொள்ளுதல் வேண்டும். வாளையின் பருமையும் நீர்நாயின் இணைவாழ்வும் தெரிந்த கேட்போர்க்காக அப்பாடல்கள் இயற்றப்பட்டன. கரையை அறியாத தலைமுறைக்கு அவற்றின் சொற்பொருள் விளங்கும். உள்ளுறை விளங்குவது அரிது. காவிரியின் துறைகளிலிருந்து நீர்நாய் விலகிச் செல்லுந்தோறும் உரையாசிரியரின் பொறுப்பு கூடுகிறது. எருமை, முதலை, நாரை முதலிய பிற கரையோர உயிர்களையும் இவ்வாறு ஆற்றுப் படுகைவாரியாக ஆராய்வது மருதப் பாடல்களின் உள்ளுறை ஆய்வை மேலும் செம்மையாக்கும்.